எந்த வழி போவது?

கடற்கரை ஊரில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றிப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை என்றொரு செருக்கு நமக்கு நெடுங்காலமாக உண்டு. காயல்பட்டினத்தில் பிறந்து, தோணியேறிக் கொழும்புக்குச் சென்று வாணிபம் புரிந்த பாட்டனாரின் மடியில் கதை கேட்டு வளர்ந்தவர் நாம். அச்செருக்கை அடக்கியவர் அமெரிக்காவில் வாழும் நம் மருமகள். அதற்கு அவர் கையாண்ட கருவி ஒரே ஒரு தாள். அதில் அவர் எழுதியிருந்தது நம் பேரனின் பகல் உறக்க நேரம்.

நம் மகனார் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரை அடுத்து வாழ்கிறார். பேத்திக்கு 4 வயது. பேரனுக்கு 15 மாதம். நாமும் நம் துணைவியாரும் அங்குச் சென்று தங்கியிருக்கும் நாட்களில், குடும்பத்தோடு ஒரு உல்லாசக் கப்பலில் கரீபியன் தீவுகளைக் கண்டுவர வேண்டும் என்பது மகனாரின் விருப்பம். விரும்புவது எளிது, வழியைத் தேர்வதன்றோ கடினம்! இரவு உணவு முடிந்ததும் மேசைமீது விளம்பரத் தாள்கள் விரிந்துவிடும். இஷாத் தொழுகை முடித்து வந்து பார்த்தால் வழக்கு விட்ட இடத்திலேயே நிற்கும்.

கரீபியன் என்று நாம் ஒரே பெயரால் சுட்டினாலும், கப்பல் நிறுவனத்தார் அதனை மூன்றாகப் பகுத்தே விற்கின்றனர். மேற்கு வழியில் மெக்சிகோவின் கொசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, ஹொண்டுராஸ் நாட்டைச் சேர்ந்த ரோத்தான் ஆகியவை வரும். கிழக்கு வழியில் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் முதலியன. தெற்கு வழியில் மார்ட்டினிக், செயின்ட் லூசியா, பார்படோஸ். இன்னும் கீழே போனால் தென்னமெரிக்கக் கரையை ஒட்டிக் கிடக்கும் அரூபாவும் குராசாவும். இவையன்றி, மூன்று நான்கு இரவுகளில் பஹாமாஸ் சென்று மீளும் குறும்பயணமும் உண்டு. (பஹாமாஸ் கிடப்பது அட்லாண்டிக் பெருங்கடலில், கரீபியன் கடலிலேயே அன்று. விளம்பரத் தாள்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.)

இவற்றுள் மேற்கு வழியை நாம் முன்பே அறிவோம். அறிந்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சிறுபிள்ளைகளோடு புறப்பட எண்ணியிருக்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஜூன் மாதம். டாம்பா துறைமுகத்திலிருந்து ஐந்து இரவுப் பயணம். பேரன் அப்போது பிறக்கவில்லை. பேத்திக்கு 2 வயது. டாம்பாவிலிருந்து கடலுக்குள் செல்லும் கப்பல்கள் சன்ஷைன் ஸ்கைவே என்னும் பாலத்தின் அடியில் நுழைந்து போக வேண்டும். ஆதலால் மிக உயர்ந்த பெருங்கப்பல்கள் அங்கு வருவதில்லை. சிறிய கப்பலில் சிறுவர்க்கான இடமும் சிறியதாகவே இருக்கும் என்பதைக் கப்பலேறிய பிறகே கண்டோம்.

கொசுமெலில் இறங்கியதும் துலும் நகரைக் காணவேண்டும் என்று அடம் பிடித்தவர் நாமே. மாயா மக்கள் கடலோரக் குன்றின்மேல் மதில் சூழ எழுப்பிய பழம்பதி அது. அதைப் பற்றி நூல்களில் படித்திருந்தோம். இத்தனை தூரம் வந்தும் காணாமல் திரும்புவதா என்பது நம் வாதம். ஆனால் கொசுமெல் ஒரு தீவு. துலும் இருப்பதோ பெருநிலத்தில். வேகப் படகில் முக்கால் மணி நேரம் கடந்து பிளாயா டெல் கார்மென் என்னும் ஊரை அடைய வேண்டும். அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் பிறகு நிழல் அரிதான வெளியில் நடை. திரும்பும்போது இத்தனையும் மறுபடி. விளம்பரத் தாளில் 'துலும்' என்று ஒரே சொல்லாக இருந்தது, காலில் இவ்வளவு நீளமாக விரிந்தது.

படகு நடுக்கடலை எட்டுமுன்னரே குழந்தை வாந்தியெடுக்கத் தொடங்கியது. கைக்குழந்தைகளைக் கடல் மயக்கம் அவ்வளவாக அணுகுவதில்லை என்றும், 2 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளே அதற்கு மிகுதியும் ஆளாவர் என்றும் மருத்துவர்கள் சொல்வதைப் பின்னர் அறிந்தோம். நம் பேத்தி அந்த எல்லையில் அப்போதுதான் கால் வைத்திருந்தாள். துலும் மதிலோரம் நாம் வியந்து நின்ற அரை மணி நேரமும், மருமகள் பிள்ளையைத் தோளிலிட்டு ஒரு மரத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் நேரக் குழப்பம் வேறு. ஃபுளோரிடாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பர். கொசுமெல் அடங்கிய மாநிலத்தில் ஆண்டு முழுவதும் ஒரே நேரந்தான். நாம் சென்ற கப்பல் ஃபுளோரிடா நேரத்தையே கைக்கொண்டிருந்தது. நாமோ அறிவாளிபோல் கைக்கடிகாரத்தைக் கரை நேரத்துக்குத் திருப்பி வைத்து, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, பதறவேண்டா" என்று எல்லாரையும் ஆற்றிக்கொண்டிருந்தோம். திரும்பும் படகில்தான் மகனார் அதைக் கண்டுபிடித்தார். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் உலாவில் போனவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போனவர்க்குக் காத்திராது. நாம் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொந்த ஏற்பாட்டில் போனவர்கள். தள்ளுவண்டியை மடித்து மகனார் தலைமேல் தூக்கிக்கொள்ள, பிள்ளையை மருமகள் அணைத்துக்கொள்ள, நாமும் துணைவியாரும் மூச்சிரைக்க அந்த நெடும் பாலத்தில் ஓடிய ஓட்டத்தை மேல்தளத்தில் நின்றோர் கைகொட்டிப் பார்த்தனர். ஏணியை எடுக்கச் சில நிமிடங்களே இருந்தன.

அன்றிரவு நம்மை எவரும் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. மகனார் "போகட்டும் வாப்பா" என்றார். மருமகள் குழந்தையின் உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தார். நமக்குத்தான் உறக்கம் வரவில்லை. 1962-ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வந்தது.

அப்போது நமக்கு 8 வயது. பினாங்கில் கடை வைத்திருந்த வாப்பாவிடம் சேர்வதற்காக உம்மா, நாம், கைக்குழந்தையாயிருந்த தம்பி மூவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கும் பயணம். இரண்டாம் நாள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. எஞ்சிய நாட்கள் முழுவதும் உம்மா கேட்டது ஒரே கேள்வி: "கரை எப்போ வரும்?" நாம் மேல்தளத்தில் ஓடியாடி மீன்கள் துள்ளுவதை எண்ணிக்கொண்டிருந்தோம். நம் வாழ்வின் மிக இனிய பயணம் அது என்று பல்லாண்டுகள் பலரிடம் கூறியிருக்கிறோம். தம்பி பிழைத்துக்கொண்டார், இன்று அவரே பாட்டனார். ஆனால் உம்மா அதன் பிறகு மூன்று முறை கடல் கடந்தும், ஒருமுறைகூட நம்மோடு அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே கப்பலில் இரண்டு பயணங்கள் நடந்திருக்கின்றன என்பதைத் துலும் சென்று மீண்ட அந்த இரவில்தான் உணர்ந்தோம்.

ஆகவே இம்முறை மருமகள் தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்தபோது நாம் வாய் திறவாதிருக்க முயன்றோம். (முயன்றோம் என்று மட்டுமே சொல்லலாம்.)

அவருடைய முறை விளம்பரத் தாள்களின் முறைக்கு நேர்மாறானது. எத்தனை தீவுகள் என்று அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் கப்பல் எத்தனை மணிக்குக் கரை தொடுகிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை எழுதினார். அதற்கு எதிரே பேரன் உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் எழுதினார். இரண்டும் மோதும் இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டார். காலை 7 மணிக்குக் கரை தொட்டுப் பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் துறை அவருக்கு உவப்பாயில்லை. உண்டு உறங்கி எழுந்து, மாலையில் மறுபடி கீழே இறங்கக்கூடிய நீண்ட நிறுத்தமே பிள்ளைக்கு ஏற்றது என்றார்.

அடுத்து, கப்பல் கரையோடு அணைகிறதா, கடலில் நங்கூரமிடுகிறதா என்பது. கிராண்ட் கேமனில் கப்பல்கள் தொலைவில் நின்றுவிடும். பயணிகள் சிறு படகுகளில் இறங்கிக் கரை சேர வேண்டும். பெலீஸிலும் அவ்வாறே, அங்கே படகுப் பயணமும் நீண்டது. கரையோடு அணையும் துறையில், பிள்ளை அழுதால் பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம். படகை நம்பிய துறையில் வரிசையில் நிற்கவேண்டும். தள்ளுவண்டியை மடிக்க வேண்டும். அலையில் ஆடும் படகுக்குள் குழந்தையைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். முந்திய பயணத்தில் இதையும் பட்டறிந்தோம். பஹாமாஸில் கப்பல் நிறுவனங்கள் தமக்கெனவே வைத்திருக்கும் தீவுகளிலும் சிலவற்றில் அணையும் வசதி உண்டு, சிலவற்றில் இல்லை. பெயரைப் பார்த்து மயங்காமல் இதைக் கேட்டறிவது நலம்.

கடலிலேயே கழியும் நாட்களைப் பற்றி நமக்கிருந்த எண்ணம் முற்றும் தவறானது. கரை காணாத நாள் வீண் நாள் என்று நாம் கருதினோம். குழந்தைகளோ அந்த நாளிலேதான் குழந்தைகளாய் இருக்கிறார்கள். அவசரம் இல்லை, வெயிலில் வரிசை இல்லை. ஆயினும் அதற்கும் அளவுண்டு. பல நிறுவனங்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ கடலிலேயே செல்லும் வழிகளில் 12 மாதம் நிரம்பியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. இந்த விதியைப் படித்தபோது தம்பியின் நினைவு நமக்கு வந்ததில் வியப்பில்லை.

கப்பலுக்குள்ளும் பார்க்க வேண்டியவை உள. டயபர் அணியும் குழந்தைகள் நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் கப்பல்களுக்கு விதித்திருக்கும் ஒழுங்கு. அத்தகைய குழந்தைகளுக்கென்றே அமைத்த நீர்விளையாட்டு இடம் சில கப்பல்களில் மட்டுமே உண்டு. சிறுவர் கூடங்களில் பெரும்பாலும் 3 வயது நிரம்பி, டயபரை விட்ட பிள்ளைகளையே சேர்ப்பர். சிலவற்றில் 2 வயதிலேயே சேர்ப்பதுண்டு. பேத்திக்குக் கூடம் திறந்திருந்தது. பேரனுக்குக் குளமும் இல்லை, கூடமும் இல்லை. எனவே வழியைத் தேர்வதும் கப்பலைத் தேர்வதும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா. அறையைப் பொறுத்தமட்டில், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு. உயரத்தில் உள்ள அறையே பெருமை என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும்.

உணவைப் பற்றி நம்மவர் கவலைப்படுவது இயல்பே. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஹலால் உணவுக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஏறிய பிறகு கேட்பது பயன் தராது. நாம் முன்பு சென்றபோது மீனும் காய்கறியும் கொண்டே நிறைவாகக் காலங்கழித்தோம். தொழுகைக்கு நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி சுருக்கவும் சேர்க்கவும் சலுகையிருப்பதால் சிறுபிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்போர்க்கு இலகுதான். ஆனால் கிப்லாவை ஒருமுறை குறித்துவிட்டு அறையில் அடையாளமிட்டுக்கொள்ள முடியாது. அந்தக் கடலிலிருந்து அது வடகிழக்கே இருக்கிறது. கப்பலோ திரும்பிக்கொண்டே இருக்கிறது. இரும்புச் சுவர்களுக்கு நடுவில் கைப்பேசியின் திசைகாட்டியையும் நம்புவதற்கில்லை. அறையிலுள்ள தொலைக்காட்சியில் கப்பல் செல்லும் திசையைப் படமாகக் காட்டுவர். அதைப் பார்த்து வகுத்துக்கொள்வது நம் வழக்கமாயிற்று. பேத்தி இதை ஒரு விளையாட்டாகவே கொண்டாள்.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜூன் முதல் நாளிலிருந்து நவம்பர் இறுதிவரை அங்குப் புயற்காலம். ஆகஸ்டு, செப்டம்பரில் கடுமை மிகும். புயல் வந்தால் கப்பல் வழியை மாற்றிக்கொள்ளும். நாம் மனத்தில் வரைந்த தீவு மறைந்து வேறொன்று வரும். நம்மைப்போல் இந்தியக் கடவுச்சீட்டோடு செல்லும் பெற்றோர்க்கு இன்னொரு எச்சரிக்கை: கப்பலிலிருந்து மீள்வதும் அமெரிக்காவுக்குள் புதிதாக நுழைவதே ஆகும். ஒருமுறை நுழைவுக்கு மட்டும் தரப்பட்ட விசாவை நம்பிப் புறப்படலாகாது. தீவுகளும் பல நாடுகளுக்கு உரியன ஆதலின் ஒவ்வொன்றின் விதியையும் பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டும்.

இனி, நாம் வாயை அடக்க முடியாமற் போன இடத்துக்கு வருகிறோம்.

தெற்கு வழித் தாளை நாம் தனியே எடுத்து வைத்திருந்தோம். அதில் மார்ட்டினிக் இருந்தது. புதுச்சேரியில் புறப்பட்ட ஒளரெலி என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரை ஏற்றிக்கொண்டு 1853 மே மாதத்தில் சேர்ந்த தீவு அது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் ஆட்களைக் கொண்டுசேர்த்தது. பின்னர் காரைக்காலிலிருந்தும் பல்லாயிரவர் சென்றனர். கரும்புத் தோட்டங்களில் அவர்களுடைய மொழி தேய்ந்தது; ஆயினும் அவர்கள் அரைத்த மசாலா இன்றும் அத்தீவுகளின் அடுக்களைகளில் 'கொலம்போ' என்ற பெயரோடு கொதிக்கிறது. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார், தம் மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி நெடுங்காலம் வழக்காடியவர். இன்னும் தெற்கே டிரினிடாட். அங்கு முதன்முதலாக இந்தியத் தொழிலாளரைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த கப்பல், 1845 மே 30-ஆம் நாள் சேர்ந்தது; அதன் பெயர் ஃபத்தல் ரஸாக், நம் காதுக்குப் பழகிய அரபுச் சொற்கள். இந்தக் கடலை ஒருமுறை கடந்து அவர்கள் இறங்கிய கரையில் நின்றுவர வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

இதையெல்லாம் நாம் எடுத்துரைத்தபோது மருமகள் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தாளைத் திருப்பி நம் முன் வைத்தார்.

"மாமா, இந்தக் கப்பல் சான் ஹுவானிலிருந்து புறப்படுகிறது. முதலில் விமானத்தில் அங்கே போகவேண்டும். ஏழு இரவில் ஐந்து துறை, கடல் நாள் ஒன்றே ஒன்று. நீங்கள் சொல்லும் டிரினிடாட் இதில் இல்லவே இல்லை. மார்ட்டினிக்கில் நிற்பது எட்டு மணி நேரம். அதில் சின்னவன் உறங்கும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். நீங்கள் தோட்டங்களையும் பார்க்க வேண்டும், கரையிலும் நிற்க வேண்டும். அவனை யார் வைத்துக்கொள்வது?"

யார் வைத்துக்கொள்வார் என்பது நமக்குத் தெரியும். துலுமில் வைத்துக்கொண்டவரே வைத்துக்கொள்வார்.

துணைவியார் அதுவரை பேரனின் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "பிள்ளைக்கு எந்தத் தீவாயிருந்தால் என்ன? மண்ணும் தண்ணியும் இருந்தால் போதும்" என்றார். வழக்கு அத்தோடு முடிந்தது.

கிழக்கு வழியைத் தேர்ந்தோம். வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய கனாவரல் துறைமுகம். விமானம் ஏற வேண்டியதில்லை, குழந்தையின் இருக்கையும் பால் புட்டிகளும் காரிலேயே வந்துவிடும். முதலில் பஹாமாஸில் கப்பல் அணையும் ஒரு தீவு. ஒரு நாள் கடல். பிறகு செயின்ட் மார்ட்டின், செயின்ட் தாமஸ். இரண்டு நாள் கடலிலேயே திரும்புதல். புயற்காலத்தைத் தவிர்க்க, பிப்ரவரி மாதம். செயின்ட் தாமஸில் மேகன்ஸ் வளைகுடாவைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று எழுதியே வைத்துவிட்டனர். இரு பக்கமும் மலைகள் காக்க அலையடங்கிக் கிடக்கும் மணற்கரை அது. அந்தத் தீவுகளை டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா 1917-இல் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கிய வரலாற்றை நாம் சொல்லத் தொடங்க, பேத்தி, "அப்பா, அங்கே வாளி கொண்டு போகலாமா?" என்று கேட்டாள். கொண்டு போகலாம் என்றோம். குளிர்காலத்தில் அத்தீவுகளின் நேரம் ஃபுளோரிடாவை விட ஒரு மணி முந்தியது என்பதையும் மருமகள் குறித்து வைத்திருக்கிறார். இம்முறை நம் கைக்கடிகாரம் மகனாரின் பொறுப்பில் இருக்கும்.

பணம் கட்டிய மறுநாள், மேசையைத் துடைக்கும்போது விளம்பரத் தாள்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. தெற்கு வழித் தாளை மட்டும் மருமகள் எடுத்து மடித்து, நாம் ஓதும் குர்ஆன் பிரதிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். விரித்துப் பார்த்தோம். மார்ட்டினிக் என்ற பெயரைச் சுற்றி ஒரு வட்டம், பின்புறத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: "சின்னவனுக்கு 6 வயது ஆனதும், 2030."

நமக்கு இப்போது வயது 71. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, தாளை இருந்தவாறே மடித்து வைத்தோம்.